மூட்டைக்கு இரண்டு தோள்

வலி வந்தால்தான் ஆள் வரும், வலி போனால் ஆளே வராது. பிசியோதெரபி அப்படிப்பட்ட தொழில். இதைப் படிக்கிற நீங்களும் கூன் போட்டுத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். நிமிர வேண்டாம். இரண்டு வரி போனால் திரும்பக் கூனுவீர்கள். நானும் அப்படித்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை வைத்திருந்தேன். ஒரு கட்டில், ஒரு மெஷின், ஒரு சுவர். ஊரில் எனக்குப் பெயர் 'கரண்டு வைக்கிறவர்'.

பென்சில் கோடு

அரியலூர் கூட்ஸ் ஷெட்டில் சிமெண்ட் மூட்டை தூக்குகிற செல்வராசு வந்தார். நாற்பது வயது. வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. தோள் வலிக்காரர்களைச் சுவரில் விரலாலேயே ஏறச் சொல்வேன். விரல் எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. வாரத்துக்கு வாரம் கோடு மேலே போகும். இவருக்கு மூன்று வாரமாக ஒரே கோடு, தோளுக்கு நேராக.

படுக்க வைத்து நானே தூக்கினால் கை முழுதாக வந்தது. தானாகத் தூக்கினால் வரவில்லை. வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் இருந்தால் நாலு விரல் ஏறியது. போய் வந்தால் பழைய இடம். ஐம்பது கிலோவைத் தூக்குகிறவரால் தன் கையைத் தூக்க முடியவில்லை. எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. தெரியாதபோது எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன்: ஒரு மாதம் ஓய்வு.

"கேங்கில ஒரு மாசம் எடம் காலியா இருக்காது சார். அடுத்த வேகன் வர்றப்ப நான் தூக்கலேன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவாரு."

விரதம்

வேப்பந்தட்டையில் உரக்கடை வைத்திருந்தவருக்கு இடுப்பு வலி. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்க வேண்டும். காலையில் இருபது, மாலையில் இருபது. தாளில் படம் போட்டே கொடுத்தேன். பத்து நாள் கழித்து மனைவியோடு வந்தார். வலி கடுகளவும் குறையவில்லை. செய்தீர்களா என்றேன். தவறாமல் நடக்கிறது என்றார். 'நடக்கிறது' என்ற சொல் எனக்கு உறுத்தியது. யார் செய்தது என்று கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சங்கடமே இல்லாமல் சொன்னார், தனக்கும் பல வருஷமாக இடுப்பு வலி இருந்ததாம், யாரிடமும் சொல்லவில்லையாம், இப்போது இல்லையாம். ஒத்தடம் வாங்கிக்கொண்டிருந்த செல்வராசு சிரித்த சிரிப்பில் தோளில் வைத்த வெந்நீர்ப் பை கீழே விழுந்தது. ஏம்மா இப்படி என்று கத்திவிட்டேன்.

"அவருக்காக வெரதமே நான்தாங்க இருக்கேன். இதையும் நானே செஞ்சுட்டேன்."

ஓடுற வண்டி

அரியலூர் போகிற பஸ்ஸின் கண்டக்டருக்கும் இடுப்புதான். நேராக நில்லுங்கள் என்றேன். முழங்காலை இறுக்கி, நெஞ்சைத் தூக்கி, கொடிக்கம்பம் மாதிரி நின்றார். ஒரு நிமிஷத்தில் வலிக்கிறது என்றார். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவரால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்? ஏறிப் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் அவர் பஸ்ஸிலேயே டிக்கெட் எடுத்தேன்.

வேறு ஆளாக இருந்தார். கால் அகலம், முழங்கால் தளர்ச்சி, சீட்டு ஓரத்தில் ஒரு சாய்வு. வளைவு வருமுன்னே உடம்பு தயாராகிவிடுகிறது. சில்லறை எண்ணிக்கொண்டே செய்கிறார். கட்டிலில் இவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் இது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டிலும் இப்படியே நில்லுங்கள் என்றேன். அவர் விசில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

"அதான் சார். ஓடுற வண்டியில ஒண்ணுமில்ல. லீவு போட்டுட்டு வூட்ல நின்னாத்தான் வலிக்குது."

ஜோடி

செல்வராசுவையும் வேலையில் பார்த்துவிடலாம் என்று அதே பஸ்ஸில் அரியலூரில் இறங்கி நேராகக் கூட்ஸ் ஷெட்டுக்குப் போனேன். வேகன் வந்து நின்றிருந்தது. ஒரு மூட்டையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கி மூன்றாமவர் தலையில் வைக்கிறார்கள். செல்வராசு தூக்குகிற இருவரில் ஒருவர். மற்றவர் யார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பழைய ஜோடி திருப்பூர் போய்விட்டாராம். புது ஜோடி இவரைவிட ஒரு சாண் உயரம். அவர் முனை முதலில் மேலே போகிறது. மூட்டை சரிந்து செல்வராசு பக்கம் வருகிறது. இவர் வலது தோளைக் காதுவரை தூக்கி முட்டுக் கொடுக்கிறார். அரை மணி நேரம் பார்த்தேன். ஒவ்வொரு மூட்டைக்கும் இதேதான்.

மேஸ்திரியிடம் சொன்னேன். வேலை கெடுகிறது, தள்ளி நில்லுங்கள் என்றார். எனக்கும் விளக்கப் பொறுமை இல்லை. சட்டைப்பையில் பென்சில் இருந்தது. டீ குடிக்க ஒதுங்கிய எட்டுப் பேரையும் ஷெட் சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு நேராகக் கோடு போட்டேன். மாப்பிள்ளை பார்க்க வந்திருக்காரு என்று ஒருவன் சொன்னான். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. கோடுகளைப் பார்த்தார். பிறகு உயரத்துக்கு உயரம் ஆட்களை மாற்றி நிறுத்தினார். செல்வராசுக்கு அவர் உயர ஆளே கிடைத்தார்.

ஜோடி மாறிய நாலாவது வாரம் என் சுவரில் அவர் விரல் கோட்டைத் தாண்டி, காலண்டர் ஆணியைத் தொட்டது. கேங்கில் இடமும் போகவில்லை. இத்தனை நாள் தூக்குகிறீர்களே, இது உங்களுக்கே தெரியவில்லையா என்று கேட்டேன்.

"மாட்ட நொகத்தடியில கட்டுறப்ப ஒசரம் பாத்துதாங்க ஜோடி சேப்போம். மனுசனுக்கு யாரு சார் பாத்தா?"

அன்றிலிருந்து வலி என்று வருகிறவரிடம் எங்கே வலிக்கிறது என்பதற்கு முன்னால், யாரோடு சேர்ந்து பாரம் தூக்குகிறீர்கள் என்று கேட்கிறேன். பாதிப் பேர் தங்களோடு வந்திருக்கும் வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ திரும்பிப் பார்க்கிறார்கள்.