கார்த்திகைக் கூட்டம் மங்கிய ஐப்பசி

புனே அருகே ஆகுர்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்தும் அளவுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. மழைக்காலம் ஓய்ந்து வானம் தெளிந்ததும் என் கணவர் அங்கே நாற்காலி போட்டுவிடுவார். மோட்டார் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, டீ குடித்துவிட்டு, பைனாகுலரும் சின்ன டெலஸ்கோப்புமாக உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எனக்கு நட்சத்திரங்களில் பெரிய ஆர்வம் கிடையாது. அவர் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும் என்பதால் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடம் ஐப்பசியில் அவர் பைனாகுலரைக் குறை சொல்ல ஆரம்பித்தார். "மழையில லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்கு. எல்லாம் மங்கலா தெரியுது." புனேயின் கேம்ப் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி சுத்தமாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்து, எதிரே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடியின் விளக்குகளைத் திட்டினார். பிறகு டெலஸ்கோப்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"சும்மா ஒரு தடவை பாரு. கிழக்க கார்த்திகைக் கூட்டத்துல வச்சிருக்கேன்" என்றார்.

குனிந்து பார்த்தேன். கல் உப்பைச் சிதறவிட்ட மாதிரி இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு! எவ்வளவு நட்சத்திரம்!"

"உனக்குத் தெரியுதா?"

"பளிச்சுன்னு தெரியுதுங்க."

அவர் மறுபடி கண்ணை வைத்தார். நெடுநேரம் அசையவில்லை. பிறகு "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடியைப் போட்டார். அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது: நடைவழியில் இருந்த வாளியில் அவர் இடறி விழுந்தது, இருட்டிய பிறகு பைக்கை எடுக்காமல் ஆட்டோவில் வந்தது. வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன்.

கண் மருத்துவர் சின்ன வயதுப் பெண். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு வருகிறது, இருட்டில் பார்ப்பது முதலில் போகும், பிறகு பக்கவாட்டுப் பார்வை, நிறுத்த மருந்து இல்லை என்று இந்தியில் சொன்னார். இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவுர் தாரே?"

மருத்துவருக்குப் புரியவில்லை. இவர் கூரையை நோக்கி விரலைக் காட்டினார். "ஆஸ்மான் கே தாரே, மேடம்." வானத்து நட்சத்திரங்களைத்தான் கேட்டார். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

அடுத்த வருடம் கோஜாகிரி பௌர்ணமிக்குப் பக்கத்து வீட்டு மராத்திக்காரர்கள் வழக்கம்போல மசாலா பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு எங்கள் பின்புறத்துக்கே வந்தார்கள். முன்பெல்லாம் பௌர்ணமி என்றால் இவர் முகம் சுளிப்பார். நிலா வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது என்பார். அன்று டெலஸ்கோப்பைத் தானே நிலாவுக்குத் திருப்பி வைத்து, எல்லோரையும் வரிசையாகப் பார்க்கச் சொல்லி, பள்ளங்களைக் காட்டி உற்சாகமாகப் பேசினார். எல்லோரும் போன பிறகு, ஆறிப்போன பாலைக் கையில் வைத்துக்கொண்டு நிலாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போகவில்லை.

இந்த வருடம் பொழுது சாய்ந்தால் பின்வாசல் படி அவருக்குப் பிடிபடுவதில்லை. அதனால் நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சனி எங்கே இருக்கிறது, வளையம் எப்படித் தெரிகிறது என்று விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ பாரு. விட்டுடாத" என்றார். "ஆனா உள்ள வந்து எனக்குச் சொல்ல வேணாம்."

"ஏங்க?"

"நீ சொல்லச் சொல்ல, எனக்குத் தெரியலங்கிறதுதான் பெருசா தெரியுது."

தலையாட்டினேன். அந்த மங்கிய வெளிச்சத்தில் அது அவருக்குத் தெரியாது என்று உறைத்ததும், "சரிங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

வானம் தெளிந்திருக்கும் மாலைகளில் இப்போதும் போகிறேன். பார்த்துவிட்டு வந்து கை கழுவி, தட்டு வைக்கிறேன். பின்கதவைச் சாத்தினாயா என்று கேட்பார். சாத்திவிட்டேன் என்பேன். பிறகு சாப்பிடுவோம்.