அத்தை கொண்டுவந்த களி

நீலசந்திராவில் எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ராகி சாப்பிடச் சொல்வார்கள். சர்க்கரையா, ராகி. மூட்டுவலியா, ராகி. என் அப்பா ஒருவருக்கு மட்டும் கிட்னி டாக்டர் ராகியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஓட்ஸ், கோதுமைத் தவிடு எதுவும் ஆகாதாம். அவற்றிலுள்ள சத்தில் மிஞ்சுவதை வெளியே தள்ள அப்பாவின் கிட்னிக்குத் தெம்பில்லையாம். காலையில் வெள்ளையரிசிக் கஞ்சி, இல்லாவிட்டால் ரவை உப்புமா.

பக்கத்துத் தெருவில் இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, இது ஏறவே இல்லை. அம்மா கார்மெண்ட்ஸ் வேலைக்குக் கிளம்பியதும், சூடான ராகிக் களி உருண்டையைக் கிண்ணத்தில் வைத்துத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள். நாமெல்லாம் களி தின்று வளர்ந்த உடம்பு, டாக்டருக்கு என்ன தெரியும் என்பாள். அப்பா மறுத்துப் பேசமாட்டார். அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொள்வார். அவள் தலை மறைந்ததும் கிண்ணம் என் பக்கம் வரும். நான் ஏற்கெனவே உப்புமா தின்றிருப்பேன். ஆனாலும் விழுங்கியாக வேண்டும். சாயங்காலம் காலிக் கிண்ணத்தைப் பார்த்து அத்தைக்கு முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

எனக்கோ வகுப்பில் உட்காரவே முடியாது. நான் இல்லாத நேரத்தில் இன்னொரு உருண்டை வந்து அப்பா தின்றுவிட்டால்? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கிண்ணத்தைக் கழுவி வை என்றார். அக்காவைக் கண்டு இப்படி நடுங்குகிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது.

ஒருநாள் நல்ல மழை. அத்தை போகாமல் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கண்ணு முன்னால சாப்புடுடா தம்பி."

அப்பா ஒரு விள்ளல் பிட்டுக் குழம்பில் தோய்த்தார். கை வாய்க்கருகே போனது. நான் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டுத் தட்டைப் பிடுங்கி, தொண்டை அடைக்க அடைக்க விழுங்கினேன். அத்தை என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"சீக்காளி அப்பன் சோத்தப் புடுங்கித் திங்கிறியே, வெக்கமா இல்ல?"

"விடுக்கா, சின்னப் புள்ள," என்றார் அப்பா. "நாளைக்குக் கொஞ்சம் சேத்தே கொண்டா. நீ குடுக்கறதுலதான் எனக்குத் தெம்பு."

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள். நாளைக்கு இரண்டு உருண்டையா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தையின் கிட்னி அப்பாவுக்குப் பொருந்தும் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். கொடுக்கக்கூடாது என்று மாமா எங்கள் வாசலில் நின்று கத்தியதும், அத்தை தலை நிமிராமல் அவர் பின்னால் போனதும் தெரியும். மறுநாள் காலையில்தான் முதல் களி வந்தது. அதுவும் தெரியும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கத்தான் அப்போது எனக்குத் தெரியவில்லை.