வரப்பு வரைக்கும் படம்

அம்மா செத்து ஐந்தாவது மாதம் எங்கள் வீட்டுக்கு அந்த அகல டிவி வந்தது. சித்தப்பாவின் வேனில் பழைய ஜமக்காளம் சுற்றிக் கொண்டுவந்தார்கள். வாசப்படியில் தூக்கி ஏற்றும்போது சித்தப்பா, "மெல்ல, மெல்ல, ஓரம் இடிக்காம" என்று கத்தினார். அம்மாவை வெளியே தூக்கிக்கொண்டு போனபோதும் அதே வாசப்படியில் நின்று அதையேதான் கத்தினார். அவருக்கு அது ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. எனக்கு இருந்தது.

அம்மாவின் கட்டில் இருந்த மூலையில் டிவியை வைத்தார்கள். கட்டிலையும் மெத்தையையும் காரியம் முடிந்த கையோடு வெளியே கொடுத்தாகிவிட்டது. அந்த மூலையில் ஒரு பிளக் பாயிண்ட் உண்டு. அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுகிறது, பக்கத்தில் டேபிள் ஃபேன் வேண்டும் என்று நான் சண்டை போட்டு வைக்கச் சொன்னது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பாயிண்ட்டு ரெடியா இருக்குது பாரு, புதுசா ஒயரு இழுக்கற சோலியில்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் தெர்மோகோல் உதிர்ந்து வீடெல்லாம் பறந்தது. புது பிளாஸ்டிக் நாற்றம். அந்த மூலையில் அதுவரை கொஞ்சம் மருந்து வாசமும் கொஞ்சம் அம்மா வாசமும் மிச்சம் இருந்தது. அன்றோடு போயிற்று.

எழவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்லது கூடாது என்பார்கள். பொங்கலுக்கு நாங்கள் அடுப்பில் பானை ஏற்றவில்லை. எனக்கு வாங்கி வைத்திருந்த சீலையைக்கூட எடுத்துக் கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டிவிக்கு மட்டும் அந்தத் தடை எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த டிவி வரட்டும் என்று எல்லோரையும்விட அதிகமாகக் காத்திருந்தவள் நான்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்தவள் நான். அம்மா படுத்துக் கிடந்த இரண்டு வருஷமும் குளிப்பாட்டினது, பீ மூத்திரம் அள்ளினது, கஞ்சி ஊட்டினது எல்லாம் நான். அதனால் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கடைசி முகம்தான் வரும். குழி விழுந்த கண், மஞ்சளாய்ப் போன தோல், பல்லை மூட முடியாத உதடு. அதற்கு முந்தின முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் வரவே வராது. சுவரில் மாட்டியிருந்த போட்டோவும் உதவவில்லை. ரேஷன் கார்டில் இருந்த படத்தை ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கி, உதட்டுக்குச் சிவப்பும் சீலைக்கு ஜரிகையும் தீட்டிக் கொடுத்திருந்தார். மாலைக்குள்ளே யாரோ ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா நடந்து, திரும்பி, சிரிக்கிற மாதிரி இருந்தது ஒரே இடத்தில்தான். அக்காவின் கல்யாணக் கேசட். அம்மா படுப்பதற்குச் சில மாதம் முன்னால் நடந்த கல்யாணம். அக்கா ஆனைமலைக்கு வாக்கப்பட்டுப் போனதும் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து, பழைய கருப்பு வெள்ளை டிவியில் அந்தக் கேசட்டை ஒரு தடவை ஓட்டினார்கள். வந்த ஒறம்பரை சனத்துக்கெல்லாம் நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. பிறகு அந்த டிவியும் கெட்டுப்போயிற்று. இப்போது டிவியோடு ஒரு டெக்கும் வாங்கிவிடலாம் என்று அப்பா சொன்ன அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. முந்தின முகத்தைப் பார்த்துவிடலாம்.

டிவியை விற்றவர் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர். சிங்கப்பூருக்குப் போய்ப் போய்ச் சாமான் கொண்டுவந்து விற்கிறவர். கழுத்தில் சங்கிலி, கக்கத்தில் செண்ட். கேபிள் ஒயரைச் சொருகிவிட்டு அவர் அப்பாவிடம் அளந்தார்.

"ஏனுங்ணா, இது ஹை டெபனிசனுங்க. படத்துல ஒரு ஈ உக்காந்துச்சுன்னா அதோட முழி வரைக்கும் தெரியும்."

"எங்கூட்டு ஈய நாங்க தெனமும்தான் பாக்கறோம். படத்தப் போடுங்க" என்றார் சித்தப்பா.

படம் வந்தது. நடுவில் சதுரமாகச் செய்தி வாசிக்கிறவள், இரண்டு பக்கமும் கருப்பு. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏனுங்க, ரெண்டு பக்கமும் கருப்பா நிக்குது?"

"நம்மூருப் படம் சதுரமுங்ணா. டிவி அகலமுங்க. மீதி அப்பிடித்தான் நிக்கும்."

"அப்பிடித்தான் நிக்கும்னா? அத்தன எடமும் சும்மா கெடக்கறதா? காட்டுல ஓரத்த உழுகாம உட்டுப்போட்டு வந்தா ஊருக்குள்ள என்னன்னு பேசுவாங்க?"

"சோம்பேறிப் பயன்னு பேசுவாங்க" என்றார் சித்தப்பா.

"வரப்பு வரைக்கும் ஓட்டோணுமுங்க. அப்பத்தான் அவன் குடியானவன்" என்றார் அப்பா.

சிங்கப்பூர்க்காரர் சிரித்துக்கொண்டே ரிமோட்டில் ஒரு பட்டனை அமுக்கினார். கருப்பு மறைந்தது. செய்தி வாசிக்கிறவள் இரண்டு பக்கமும் இழுபட்டு, தவளை மாதிரி வாயோடு, திரை முழுக்கப் பரவி நின்றாள். சித்தப்பா கை தட்டினார். நான் அந்தப் பட்டனைப் பார்த்து வைத்துக்கொண்டேன். கடைசி வரிசையில் வலது பக்கம்.

"மூஞ்சியெல்லாம் சப்பையாப் போச்சுங்களேப்பா" என்றேன்.

"சும்மா இரு கண்ணு. முழுசாத் தெரியுதல்ல?"

கிழக்கால காட்டை வரப்போடு சேர்த்து காலேஜ் கட்டுகிறவர்களுக்கு விற்றவர் அப்பா. எங்கள் சரவணம்பட்டிப் பக்கம் அப்போது எல்லோரும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணத்தில்தான் இந்த டிவியும் வந்தது. வாய் வரைக்கும் வந்ததை அன்றைக்கு முழுங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் குண்டாகவே இருந்தார்கள். கதாநாயகி குண்டு, கார் குண்டு, சாமி குண்டு. ரிமோட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு. முறுக்குத் தின்ற கையோடு எல்லோரும் அமுக்கி அமுக்கி அந்தக் கவர் எண்ணெய்ப் பிசுக்கேறி, தொட்டால் விரல் ஒட்டியது. சித்தப்பா அந்த ரிமோட்டாலேயே கணுக்காலைச் சொறிந்துகொள்வார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் என்னைத் தாண்டி மூலையைப் பார்த்தார்கள். ஒரு பொம்பளை என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா மகராசி, பூவும் பொட்டுமாப் போய்ச் சேந்தா" என்று முந்தானையை ஒரு கண்ணில் வைத்து அழுதாள். இன்னொரு கண் டிவியில் இருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "இது எத்தன இஞ்சு சாமி?" என்றாள். நான் கையை உருவிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா டெக்கைக் கொண்டுவந்தார். மதுக்கரையில் இருந்து அத்தையும் வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள். புதுச் சாமானுக்குப் பூசை போடாமல் ஓட்டினது தப்பு என்று வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு நாளா ஓடுதுங்களே அத்தை" என்றேன்.

"அது சோதிச்சுப் பாத்தது அம்மணி. கணக்குல வராது. இன்னிக்குத்தான் மொத."

தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, டிவியின் நெற்றியில் மூன்று இடத்தில் குங்குமம் வைத்தாள். ஒன்று வழிந்து கண்ணாடியில் இறங்கியது. எச்சில் தொட்டு முந்தானையால் துடைத்தாள். சிவப்பாக ஒரு இழுவல் அப்படியே நின்றது.

"மொத மொதல்ல மங்களமா ஓடோணும். சாமி கேசட்டு இருக்குதா?"

"இல்லீங்க்கா. கண்ணாலக் கேசட்டுத்தான் இருக்குது" என்றார் அப்பா.

"அதுக்கு மேல மங்களம் உண்டா? போடு."

பீரோவுக்குள் இருந்து கேசட்டை எடுத்துவந்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அத்தை சொன்னாள்.

"ஆனா அவ வர்ற எடத்த மட்டும் வெரசா ஓட்டிப்போடுங்க. செத்தவ மொகத்துல புதுச் சாமானத் தொறக்கறது ஆகாது."

"அத்தை, அம்மா பொண்ணோட அம்மாங்க. எல்லா எடத்துலயும் வருமுங்க."

"அப்ப எல்லா எடத்துலயும் ஓட்டு."

ஓட்டினார்கள். மேளக்காரர் வந்தால் நிறுத்துவார்கள், மாப்பிள்ளை வந்தால் நிறுத்துவார்கள். அம்மாவின் சீலை ஓரம் தெரிந்ததும் சித்தப்பா பட்டனை அமுக்குவார். அம்மா வெட்டி வெட்டி ஓடினாள். முகத்துக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு. தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், குனிந்து நிமிர்கிறாள், மறுபடி ஓடுகிறாள்.

"அண்ணி போற வேகத்தப் பாரு! பஸ்ஸு போயிருமாட்ட" என்று சித்தப்பா சிரித்தார். அத்தை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். முறுக்குத் தூள் அவர் மீசையில் இருந்தது. எழுந்து போயிருப்பேன். முகத்தைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை.

தாலி ஏறியது. அத்தை இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு, "செரி, இனி என்ன வேணும்னாலும் ஓடட்டும்" என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுக்கிற இடம். அம்மா டம்ளரோடு வந்து நின்றாள். திரை முழுக்க அம்மா. கன்னம் இரண்டும் உப்பி, தோள் அகன்று, எங்கள் அம்மா மாதிரியே இல்லாத ஒரு அம்மா.

"அடடா, எப்பிடி இருந்திருக்கறா பாரு!" என்றாள் அத்தை. "கையுங் காலும் கொழுகொழுன்னு. இவளையா பாக்காம உட்டுக் கொன்னுபோட்டான்னு பேசுனாங்க? அந்த நாக்கெல்லாம் அழுகோணும்."

எழவு அன்றைக்கு அம்மாவின் பொறந்த வீட்டுக்காரர்கள் அப்படித்தான் பேசினார்கள். வயிறு வலிக்கிறது என்று அவள் ரொம்ப நாளாகச் சொன்னாளாம், கல்யாணச் சோலி முடியட்டும் என்று அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லையாம். அப்பா அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இப்போது டிவிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து விரலை நீட்டினார்.

"நல்லாப் பாருங்க்கா. இதுல எங்க சீக்கு இருக்குது? ஒரு கொறையும் இல்லாம இருந்தா. கண்ணாலத்துக்கு அப்பறந்தான் வந்துச்சு."

அவர் அதை அத்தைக்குச் சொல்கிற மாதிரி இல்லை. கோர்ட்டில் சொல்கிற மாதிரி இருந்தது. இழுத்துவிட்ட அந்தப் படத்தைச் சாட்சிக்கு நிறுத்திவைத்திருந்தார்.

சித்தப்பாவின் மடியில் இருந்த ரிமோட்டை எடுத்தேன். பிசுபிசுவென்று இருந்தது. கடைசி வரிசை, வலது பக்கம். அமுக்கினேன்.

இரண்டு பக்கமும் கருப்பு வந்தது. நடுவில் அம்மா சுருங்கினாள். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்பும் தெரிந்தன. புது ஜாக்கெட்டுக் கை தொளதொளவென்று தொங்கியது. மாப்பிள்ளைக்கு டம்ளரை நீட்டக் கையைத் தூக்கினாள். கண்ணாடி வளையலெல்லாம் மொத்தமாகச் சரிந்து முழங்கை வரைக்கும் போயிற்று.

அத்தை 'ச்சு' என்றாள்.

"ஏ கண்ணு, கருப்பு வந்துபோச்சு பாரு" என்றார் சித்தப்பா.

"கருப்பு இருக்கட்டுங்க சித்தப்பா. அம்மா இப்பிடித்தான் இருந்துச்சு."

"மாத்து" என்றார் அப்பா.

"காட்டையே வித்தாச்சு. இன்னும் என்னத்துக்குங்கப்பா வரப்பு வரைக்கும்?"

நான் அப்பாவிடம் அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. எழுந்து வந்து ரிமோட்டைப் பிடுங்கினார். எது அந்தப் பட்டன் என்று அவருக்குத் தெரியாது. கண்டதை அமுக்கினார். நாதசுரம் காதைக் கிழித்தது. படம் பச்சையானது, பிறகு ரோஸ் ஆனது. அம்மா பச்சையாகவும் ரோஸாகவும் ஒல்லியாகவே நின்றாள். அப்பா கொஞ்ச நேரத்தில் அமுக்குவதை விட்டுவிட்டார். ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"மாத்திப்போடு சாமி. என்னால இப்பிடிப் பாக்க முடியல."

"நா ரெண்டு வருசம் பாத்தனுங்கப்பா. நீங்களும் பாருங்க."

அவர் பார்த்தாரா என்று நான் திரும்பவில்லை. எழுந்து போகவில்லை, அது மட்டும் தெரியும். மூச்சு விடுகிற சத்தம் எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தை, "இப்பிடியும் ஒரு புள்ளையா" என்று முனகிக்கொண்டு காப்பிக்குப் பால் இருக்கிறதா என்று அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே சித்தப்பாவும் போனார்.

நான் தேடி வந்த முகம் அந்தக் கேசட்டில் இல்லை. கல்யாணத்தன்றைக்கே அம்மா பாதி போயிருந்தாள். வீடியோ லைட்டை அத்தனை வெளிச்சமாகப் பிடித்துக்கொண்டு சுற்றினார்கள், மண்டபம் நிறைய சனம் இருந்தது, யார் கண்ணிலும் அது படவில்லை.

சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன். அடுத்தது பந்தி. அம்மா ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து குனிந்து கேட்டுக்கொண்டே போனாள். என்ன கேட்கிறாள் என்பது கேட்காது, கேசட் முழுக்க நாதசுரமும் பாட்டும்தான் போட்டிருந்தார்கள். வாய் அசைகிறதை வைத்துத் தெரிந்துகொண்டேன். சாப்ட்டீங்களா. சாப்ட்டீங்களா. நடுவில் ஒரு இடத்தில் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு தூணைப் பிடித்து நின்றாள். பிறகு அடுத்த வரிசைக்குப் போனாள். அவள் சாப்பிடுகிற இடம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இலை எடுக்கிற இடத்தில் கேசட் முடிந்துவிட்டது.