ஏழாவது குடம்

"பதினொண்ணு… பன்னெண்டு… பதிமூணு…"

இந்த நேரத்தில் சாவியக்காவிடம் யாரும் பேசக் கூடாது. நலம் விசாரிக்கக் கூடாது, வழி கேட்கக் கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடக் கூடாது. நெஞ்சளவு உயரமுள்ள இரும்புச் சாவியைத் தெரு நடுவே உள்ள குழிக்குள் இறக்கி, அதன் குறுக்குக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றிக்கொண்டிருப்பாள். பதினான்காவது சுற்றில் மண்ணுக்கடியில் ஒரு முனகல் கேட்கும். பிறகு வீடுகளில் ஒவ்வொன்றாகக் குழாய்கள் இருமத் தொடங்கும். காற்று வெளியேறி, கலங்கல் போய், தண்ணீர் தெளியும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் சாவியை உருவுவாள். எண்ணிக்கை தப்பினால் தப்பிய இடத்திலிருந்து தொடர்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. முழுக்க மூடிவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். ஒருமுறை தையல்காரர் "என்னக்கா, மழை வருமா?" என்று கேட்டுத் தொலைத்ததில் தெரு முழுவதற்கும் தண்ணீர் தாமதமாக வந்தது. அவர் மனைவி இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குடிநீர் அலுவலகப் பதிவேட்டில் அவள் வேலைக்கு ஒரு நீளமான பெயர் இருக்கிறது. அவளுக்கே அது பாதிதான் நினைவிருக்கும். தெருக்காரர்களுக்கு அவள் சாவியக்கா. காலை ஐந்தரைக்கு மேட்டுத் தொட்டியடியில் ஆரம்பித்தால் பதினோரு மணிக்குள் எல்லா வால்வுகளையும் திறந்து மூடியாக வேண்டும். சுற்று முடியும் வரை எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். "ஒரு வீட்ல குடிச்சா அந்தத் தெருவுக்கு ரெண்டு சுத்து அதிகமா விட்டேம்பாங்க. எனக்கெதுக்கு வம்பு?" என்பாள். வீட்டில் மருந்து பாட்டில் மூடியைக்கூட எண்ணித்தான் திறக்கிறாள் என்று அவளோடு இருக்கும் நாத்தனார் சொல்லிச் சிரிப்பாள். அது உண்மைதான்.

தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்தே அவள் வீடுகளைத் தெரிந்து வைத்திருந்தாள். குடத்தை 'டங்'கென்று வைத்தால் அந்த வீட்டில் காலையிலேயே சண்டை. வாளிகள் நிறைய இருந்தால் விருந்தாளிகள். தண்ணீர் வந்து பத்து நிமிடமாகியும் குழாயை யாரும் மூடவில்லையென்றால் அங்கே ஏதோ சரியில்லை. அப்படி இரண்டு முறை போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். ஒரு வீட்டில் அசந்த தூக்கம். இன்னொரு வீட்டைப் பற்றி அவள் பேசுவதில்லை.

அவள் போட்டிருக்கும் காக்கிக் கோட்டு அவளுடையது அல்ல. தோள்பட்டை முழங்கை வரை தொங்கும். அது அவள் வீட்டுக்காரருடையது. சாவியும் அவருடையதுதான், வேலையும் அவருடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சுற்றை முடித்து வந்து, "கொஞ்சம் படுக்கிறேன்" என்று சொல்லிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் அலுவலகத்தில் கூப்பிட்டு அவளிடம் சாவியைக் கொடுத்தார்கள்.

அந்தக் கோட்டின் பட்டனை அவள் போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். ஸ்வெட்டரோ கோட்டோ, எதைப் போட்டாலும் முன்பக்கம் திறந்தே இருக்கும். "பட்டனப் போடு. போட்டுட்டு எங்க வேணா போ" என்று அவர் வாசல் வரைக்கும் வந்து சொல்லுவார். "போடறேன், போடறேன்" என்று சொல்லிக்கொண்டே தெருமுனை தாண்டிவிடுவாள். இப்போது அதை நாத்தனார் சொல்கிறாள். பதில் மட்டும் மாறவில்லை.

கோட்டின் உள்பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. லீவு போடும் நாட்களில் மாற்று ஆளுக்குக் கொடுப்பதற்காக அவர் எழுதி வைத்தது. எந்த முனையில் எந்த வால்வு, எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் என்று வரிசையாகப் பதினேழு வரிகள். அலுவலக வரைபடத்திலும் பதினேழு வால்வுகள்தான். ஆனால் தாளில் பதினெட்டாவதாக ஒரு வரி இருந்தது. "கடைசி: அச்சகச் சந்து. ஒன்பது சுற்று. ஆறு குடம் ஆனதும் மூடு. ஒரு நாளும் விடாதே."

அச்சகம் மூடிப் பல வருஷமாகிறது. அதற்கும் பக்கத்துக் கிடங்குக்கும் நடுவே இரண்டு ஆள் அகலத்தில் ஒரு சந்து. கோடி வரைக்கும் போனால் சுவர். சுவரைத் தாண்டினால் சரிந்து இறங்கும் பொட்டல். ஒரு வீடு கிடையாது, ஒரு குழாய் கிடையாது. நடுச்சந்தில் இரும்பு மூடி போட்ட குழி. முதல் நாள் அங்கே போய் நின்றபோது, பக்கத்தில் வீடே இல்லாததால் தண்ணீர் போகிறதா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. ஒன்பது சுற்று சுற்றிவிட்டு, சாவியின் கைப்பிடியில் காதை வைத்தாள். கசிவு கண்டுபிடிக்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அடியில் ஓடுவதெல்லாம் இரும்பு வழியாக ஏறி வரும்.

தண்ணீர் சரிவில் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. எங்கோ வெகுதூரம் போனது. பிறகு ஒரு குடத்தில் விழுந்தது.

குடத்தில் தண்ணீர் விழும் சத்தத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறும் குடத்தில் கட்டையாக ஆரம்பித்து, ஏற ஏறச் சன்னமாகி, கழுத்துக்கு வந்ததும் கீச்சென்று முடியும். முடிந்தது. குடத்தை நகர்த்தும் சத்தம், அடுத்ததை வைக்கும் சத்தம். மறுபடி கட்டையாக ஆரம்பித்தது.

எப்படி மூடினாள், எப்படி வீட்டுக்கு வந்தாள் என்று தெரியாது. இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாள். என்ன ஆச்சு என்று கேட்ட நாத்தனாரிடம் குடத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த வரியை மட்டும் காட்டினாள். நாத்தனார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கண்ணன் இன்னொரு குடும்பம் வெச்சிருந்தாரோ என்னவோ."

"ஒரு குடும்பத்துக்கே ஒழுங்கா மளிகை வாங்கித் தர நேரமில்ல, இதுல இன்னொண்ணா?"

"அதுவும் சரிதான். அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் ஏது?"

இருவரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் அக்கா எழுந்து வேலைக்குப் போனாள். அன்று ஒரு காரியம் செய்தாள். வால்வைத் திறந்து வைத்துவிட்டு, சுவர் ஏறிக் குதித்துப் பொட்டல் முழுக்க நடந்து பார்த்தாள். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஈரம் என்று ஒரு சொட்டு எங்கும் இல்லை. திரும்பி வந்து காதை வைத்தால், கீழே யாரோ நிதானமாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள்தான் முதல் தடவையாக, ஆரம்பத்திலிருந்து முழுக்க எண்ணினாள். தாளில் ஆறு குடம் என்று இருந்தது. ஆறாவது குடமும் கீச்சென்று முடிந்தது. மூடப் போனவள், இன்னொரு குடம் வைக்கப்படும் சத்தம் கேட்டு நின்றாள். எண்ணிக்கையில் தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். மறுநாளும் ஏழு. அதற்கு மறுநாளும் ஏழு. அவர் எண்ணியபோது ஆறாக இருந்தது அவளிடம் வந்தபோது ஏழாகியிருந்தது.

அந்த ஏழாவது குடம் மற்றவை போல நிறையவில்லை. அதில் தண்ணீர் விழும் சத்தமே இராது. குழாயடியில் உள்ளங்கையைக் கொடுத்து, குடத்தின் உள்சுவரோடு வழியவிட்டால் அப்படித்தான் இருக்கும். தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று அவள் வீட்டில் ஒருவர் முப்பது வருஷம் அப்படித்தான் பிடித்தார். அதுமட்டுமல்ல, அந்தக் குடம் கழுத்துவரை வந்ததே இல்லை. நாலு விரல் குறையாக இருக்கும்போதே எடுத்துவிடுவார்கள்; தூக்கும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தத்திலேயே அது தெரியும். அக்காவுக்கு முதுகுவலி வந்த வருஷத்திலிருந்து அவர் எந்தக் குடத்தையும் நிரப்பியதில்லை. "நெறையப் பிடிச்சா நீதானே தூக்குவ" என்பார்.

அது தெரிந்த நாளில் அவள் சந்தில் குந்தி உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை, நாத்தனாரிடம்கூட. சொன்னால் அழுவாள், இல்லையென்றால் சிரிப்பாள். இரண்டையும் அக்காவால் தாங்க முடியாது.

இந்த வருஷம் மழை பொய்த்தது. ஏரி வற்றி அடிமண் தெரிந்தது. தெருக்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் என்றானது. தண்ணீர் எங்கே வீணாகிறது என்று தேடிக்கொண்டு புதிதாக வந்த இளம் இன்ஜினியர் தெருத்தெருவாக அளந்தார். நல்ல மாதிரி, மரியாதையான பிள்ளை. வரைபடத்தில் இல்லாத பதினெட்டாவது வால்வு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

"அக்கா, உலகம் பூரா தண்ணி இல்லாம ஜனங்க வரிசையில நிக்குது. நம்ம ஊர்லயே குழந்தைங்க ஸ்கூலுக்கு பாட்டில் எடுத்துட்டுப் போக முடியல. நீங்க யாருமே இல்லாத சந்துக்குத் தொறந்து விடறீங்க!"

"அது வாஸ்தவம்தான் சார்."

"நாளைலேர்ந்து திறக்காதீங்க. வியாழக்கிழமை வந்து காங்கிரீட் போட்டு மூடிடலாம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அவளை வாட்டியது. மறுநாள் அச்சகச் சந்துக்குள் போகாமல் வீடு திரும்பினாள். அதற்கடுத்த நாள் கால் தானாக அங்கே போனது. திறக்கும் எண்ணமில்லை, கேட்க மட்டும்தான். சாவியை இறக்கிக் காதை வைத்தாள். தண்ணீர் இல்லாத குழாயில் அன்று வேறொரு சத்தம் வந்தது. யாரோ குழாயைத் திறக்கிறார்கள், மூடுகிறார்கள், மறுபடி திறக்கிறார்கள். தண்ணீர் வராத நாளில் எல்லா வீட்டிலும் எல்லோரும் செய்வதுதான். காலிக் குடம் ஒன்றை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி திருகிப் பார்க்கிறார்கள்.

அக்கா கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். திறக்கவில்லை. அந்தச் சத்தமும் நிற்கவில்லை.

வியாழக்கிழமை இன்ஜினியர் ஒரு கொத்தனாரோடும் இரண்டு சிமெண்டு மூட்டையோடும் வந்தார். கையில் ஒரு படிவம். "இந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்போர் எவரும் இல்லை" என்று அச்சடித்திருந்தது. அதன் கீழே வால்வு இயக்குபவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"சார், நான் இதுவரைக்கும் ஒரு சுத்துகூடப் பொய்க்கணக்குச் சொன்னதில்ல. இதுல எப்படி கையெழுத்துப் போடுவேன்?"

"என்னக்கா பொய்? இங்க யாரு இருக்கா, சொல்லுங்க."

"ஒரே ஒரு தடவை தொறக்கிறேன். நீங்க காதை வெச்சுக் கேளுங்க. ஒண்ணும் கேக்கலைன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன். அப்புறம் இந்தச் சந்துக்கே வரமாட்டேன்."

கொத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, வயதில் மூத்தவள் கேட்கிறாளே என்று தலையாட்டினார்.

ஒன்பது சுற்று. அன்று அவள் குரல் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இன்ஜினியர் குனிந்து கைப்பிடியின் ஒரு முனையில் காதை வைத்தார். மறுமுனையை அக்கா இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். காதை வைக்க அவளுக்குத் தைரியமில்லை. இரண்டு நாள் தண்ணீர் வராத வீட்டில் இன்னும் யாராவது காத்துக்கொண்டிருப்பார்களா?

முதலில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது இல்லை. தொங்கிக்கொண்டிருந்த கையில் ஒரு விரல் மடங்கியது. பிறகு இன்னொன்று. கொத்தனார் மண்வெட்டியைக் கீழே வைத்தார். ஐந்து விரலும் மடங்கி, கட்டைவிரல் மறுபடி நிமிர்ந்தது. அவர் கக்கத்தில் இருந்த படிவம் நழுவி, கசிவு தேங்கிய குழிக்குள் விழுந்து ஊறியது. அதை யாரும் எடுக்கவில்லை.

"முடிஞ்சுதா சார்?" என்றார் கொத்தனார்.

இன்ஜினியர் காதை எடுக்காமலே பேசாதே என்று கைகாட்டினார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணு வெச்சிருக்காங்க" என்றார், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி மெல்ல. "இது சத்தமே இல்லாம நெறையுது."

நெடுநேரம் கழித்து நெற்றியைச் சுருக்கினார்.

"என்னக்கா இது? கழுத்துக்கு வரவே இல்ல. அதுக்குள்ள எடுத்துட்டாங்க."

அக்கா சாவியிலிருந்து கையை எடுத்தாள். கோட்டின் கீழ்ப் பட்டனில் ஆரம்பித்து, எண்ணாமல், ஒவ்வொன்றாகக் கழுத்து வரைக்கும் போட்டாள்.