ஐந்து ஐம்பதுக்குத் தானே எழுந்த மெஷின்

தொண்ணூறுகளின் கடைசியில் என் நாள் நாலரை மணிக்குத் தொடங்கும். கீழ்க்கட்டளையிலிருந்து பல்லாவரத்துக்கு முதல் பஸ், அங்கிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், பிறகு ஆபீஸ் மாடிப்படி. இவ்வளவும் ஒரு பட்டனை அழுத்துவதற்கு. நாங்கள் டைப் செய்ய வேண்டியதை ஒரு சிங்கப்பூர்க் கம்பெனி தினமும் காலை ஆறு மணிக்கு டெலிபோன் லைனில் அனுப்பும். அப்போது எங்கள் கம்ப்யூட்டர் ஆன் ஆகி இருக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஓடட்டுமே என்றால், சூடாகிவிடும் என்பார் முதலாளி. கீழ் வீட்டிலேயே இருந்தாலும் அவருக்கு அதைத் தொடப் பயம். மற்ற பெண்கள் ஒன்பதரைக்குத்தான் வருவார்கள். சீனியர் என்ற பட்டத்தோடு இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

வீட்டில் மூன்று வயது மகள். ஆறரைக்கு எழுந்ததும் என்னைத் தேடி அழுவாள் என்பது கணவர் சொல்லித்தான் தெரியும். ஞாயிறு தவிர அவள் கண் விழிப்பதை நான் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் ரிப்பேருக்கு வந்தவர், மெஷின் ஆன் ஆகும்போது டெலீட் பட்டனை அழுத்தி ஒரு நீலத் திரையைக் காட்டினார். உள்ளே ஒரு சின்ன பேட்டரியில் கடிகாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறதாம். அதில் நேரம் வைத்துவிட்டால் மெஷின் தானே ஆன் ஆகுமாம்.

"இத்தினி நாளா இதுக்கா அக்கா வந்துகினு இருந்தீங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'தினமும், ஐந்து ஐம்பது' என்று வைத்தேன். ராத்திரி மெயின் ஸ்விட்சை மட்டும் அணைக்க வேண்டாம் என்று முதலாளியிடம் கெஞ்சினேன்.

பதினாறு நாள் நடந்தது. மகள் கண்ணைத் திறந்ததும் என் மூக்கைத் தொட்டுப் பார்ப்பாள், நிஜம்தானா என்று. எட்டரை மணி ரயிலில் நசுங்கிப் போனதுகூட அப்போது சுகமாக இருந்தது.

பிறகு ஆயுத பூஜை வந்தது. மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கீபோர்டின் மேல் சாமந்திச் சரம் போட்டு, கதவைப் பூட்டினோம். மறுநாள் விஜயதசமிக்கு மறுபடி பூஜை செய்யும்வரை அதை யாரும் தொடக்கூடாது. களைப்பில், வைத்த நேரத்தை எடுக்க மறந்துபோனேன்.

விடிந்ததும் பூட்டிய அறைக்குள் மெஷின் தானே ஆன் ஆகி, டெலிபோன் லைனில் மாட்டியிருந்த மோடம் கீச்சிட, கீழே குடியிருந்த முதலாளி பதறி ஓடியிருக்கிறார். ஆறேகாலுக்கு எங்கள் பக்கத்து வீட்டு போனுக்கு அடித்து என்னைக் கூப்பிட்டார். மகள் விழிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. விட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னாம்மா இது, பூஜைல வெச்ச மெஷினு தானா எழுந்து கத்திகினு கீது! வருஷத்துக்கு ஒரு நாள் அதுக்கு ரெஸ்ட்டு. அத்தகூட குடுக்க மாட்டியா?" அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. அப்பா காலம்வரை உழுத குடும்பம். பூஜையில் வைத்த கலப்பையைத் தொட்டிருக்க மாட்டார்கள். "இனிமே நீயே வந்து போடு."

"சார், காலைல என் பொண்ணு அழறா..."

"கொழந்த வளந்துடும்மா. மெஷினு போச்சுன்னா யாரு குடுப்பா?"

சண்டை போட்டிருக்கலாம். அதற்குத் தெம்பு வேண்டும். பூஜை முடிந்ததும் நீலத் திரைக்குள் போய் அந்த நேரத்தை என் கையாலேயே எடுத்தேன்.

அவர் சொன்னது சரிதான், வளர்ந்துவிட்டாள். இப்போதெல்லாம் காலை ஆறரைக்கு நான் வீட்டில்தான் இருக்கிறேன். அவள் வெளியூரில், யாரையும் தேடாமல் எழுந்துகொள்கிறாள்.