தண்ணீர் கொண்டுபோகாத வள்ளம்

அந்த மாதங்களில் எனக்கு இருந்தது உடம்பலுப்பு மட்டும் இல்லை. பகலில் கந்தோர் வேலை, இரவில் படுக்கையில் கிடந்த அப்பா. கந்தோருக்கு வருகிறவர்களிடம் "நாளைக்கு வாங்கோ" என்று சொல்லிச் சொல்லி என் குரலே எனக்கு வெறுத்துப் போயிருந்தது. யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஒரு நாள் கிடைத்தால் போதும் என்றிருந்தேன்.

நாங்கள் மூன்று பேர் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர். ஒருவன் மன்னார் டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் முஸ்லிம். மற்றவன் அரிப்புக் கிராமத்தில் மீன்பிடிக்கிறவன், என்னைப் போல வேதக்காரன், கத்தோலிக்கன். மண்ணெண்ணெய் கிடைக்காத காலத்தில் வள்ளத்துக்குப் பாய் கட்டியவன், பிறகும் அதைக் கழற்றவில்லை. ஒருநாள் மூவரும் பாயில் போக வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஞாயிறு அரிப்பில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. வெள்ளி கடைக்காரனுக்கு ஜும்ஆ. மற்ற நாட்களில் எனக்குக் கந்தோர். சனிக்கிழமை அவன் கடையில் சனம்.

"நோன்பு மாசத்தில பகல்ல கடைக்கு ஆக்கள் குறைவு. அப்ப ஒரு சனிக்கிழமை போவம் மச்சான்" என்று அவனே சொன்னான்.

"நோன்போட கடலோ?" என்றேன்.

"ஏன், கடல் கடிக்குமோ?"

அந்த வருடம் எங்கள் தவக்காலமும் அவர்களுடைய நோன்பும் சேர்ந்து வந்தன. நோன்பு பிடிக்கிறவன் முன்னால் நாங்கள் தின்னக்கூடாது என்று நானும் வள்ளக்காரனும் போனிலேயே பேசி முடித்துவிட்டோம். ஒருநாள் பட்டினி எங்களுக்கும் நல்லதுதானே. நான் ஒரு பணிஸ்கூட எடுக்கவில்லை. வள்ளக்காரன் அதற்கும் மேலே போனான். எப்போதும் வள்ளத்தில் கிடக்கும் தண்ணீர்க் கானையே வீட்டில் இறக்கி வைத்துவிட்டான். எஞ்சினையும் கழற்றிவிட்டான். சத்தம் வேண்டாம் என்பதில் மூவருக்கும் ஒரே எண்ணம்.

காலையில் நல்ல காற்று. பாய் விரிந்ததும் வள்ளம் ஒரு பக்கம் சரிந்து ஓடத் தொடங்கியது. கடைக்காரன் அன்று ஒரே கலகலப்பு. பழைய வாத்தியார்மாரைப் போலப் பேசிக் காட்டினான். நான் பலகையில் மல்லாந்து கிடந்து சிரித்தேன். தண்ணீர் வள்ளத்தில் அடிக்கும் சத்தத்தைத் தவிர எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சம், ஆனால் இருந்தேன்.

மத்தியானத்துக்கு முன்னே காற்று விழுந்தது. பாய் தொங்கிப் போயிற்று. கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது. போனில் சிக்னல் இல்லை. அப்போதுதான் கடைக்காரன் மெதுவாகக் கேட்டான், "சாப்பாட்டை எடுங்கோவன்டா. என்னத்துக்கு ஒளிச்சு வச்சிருக்கிறியள்?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ நோன்பெல்லே?" என்றேன்.

"எனக்குச் சீனி வருத்தம் கூடிப்போச்சு. நோன்பு பிடிக்கக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வீட்டில சின்னப் பொடியள் ரெண்டும் நோன்பு. வாப்பா மட்டும் சோத்துக் கோப்பையோட இருக்கிறதோ? கடலில எண்டா ஒருத்தரும் காணாயினம், வடிவாச் சாப்பிடலாமெண்டு காலமை இன்சுலின் ஊசியும் போட்டிட்டு வந்தனான்."

வீட்டில் சாப்பிடாத நாட்களில் ஊசியும் போடுவதில்லையாம். அன்றைக்குத்தான் எங்களை நம்பிப் போட்டிருக்கிறான். ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி ஆளையே விழுத்திவிடும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவன் மேலா, எங்கள் மரியாதை மேலா என்று தெரியவில்லை. அதற்குள் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பேச்சும் குழறத் தொடங்கியது. ஆளுக்கொரு துடுப்பை எடுத்துக் கரையைப் பார்த்து வலித்தோம். எத்தனை வலித்தும் கரை கிட்ட வரவில்லை. தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் என் தோளில் வந்து உட்கார்ந்திருந்தன.

சிலாவத்துறைப் பக்கத்து எஞ்சின் வள்ளம் ஒன்று தூரத்தில் போனது. வள்ளக்காரன் எழுந்து நின்று இடுப்பில் கட்டியிருந்த சறத்தை உரிந்து தலைக்கு மேலே வீசிக் காட்டினான். வேறு நேரமென்றால் ஒரு கிழமை சிரித்திருப்போம். வள்ளம் திரும்பி வந்தது. மூன்று பேர், மூவரும் தொப்பி போட்ட நோன்பாளிகள். பொழுதுபட்டுத்தான் கரைக்குப் போவார்களாம். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் ஒரு போத்தல் சர்பத்தும் வைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் இரண்டையும் அப்படியே நீட்டிவிட்டார்கள்.

எங்கள் ஆள் குடிக்க மறுத்தான். "அவையள் போகட்டும்" என்று முனகினான். உயிர் போகிற நேரத்திலும் அவனுக்கு வெட்கம். அவர்களில் மூத்தவருக்கு அது விளங்கிவிட்டது. அவர் மற்றப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். மற்ற இருவரும் திரும்பினார்கள். மூன்று முதுகுகளுக்குப் பின்னால் நான் சர்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குப் பருக்கினேன். நடுக்கம் நிற்க நிற்க அவன் அழுதான். பிறகு அவர்களே எங்களைக் கயிறு கட்டி இழுத்துவந்து அரிப்பில் விட்டார்கள்.

மாலையில் மோட்டார் சைக்கிளில் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். "வீட்ட சொல்லாத" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தவன், உள்ளே போய்ப் படுத்துவிட்டான். நான் அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டொக்டர் சொன்னது எனக்கும் தெரியும் அண்ணா" என்றாள். "ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோறாக்கி மூடி வச்சிட்டு, பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு உம்மா வீட்ட போயிருவன். ஒருத்தரும் இல்லாட்டிச் சாப்பிடுவாரெண்டுதான். வந்து பார்த்தா மூடினபடியே கிடக்கும்."

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து படுத்தால் மாலைவரை எழும்பியிருக்க மாட்டேன், அவ்வளவு களைப்பு. ஆனாலும் மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். வீட்டில் அவன் மட்டும்தான். மேசையில் சோறு மூடியிருந்தது.

"என்னத்துக்கு வந்தனி?" என்றான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

"பசிக்குது."

குசினியில் இரண்டு சோற்றுக் கோப்பை எடுத்து இரண்டிலும் சோற்றைப் போட்டேன். கதிரையை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். அவன் என்னைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான், திறந்திருந்த தெருக்கதவைப் பார்த்தான்.

"கதவைச் சாத்திப்போட்டு வா" என்றான்.

சாத்திவிட்டுத் திரும்பியபோது அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.