தளபதி நெற்றியில் பொட்டு

எங்கள் சித்தப்பாவுக்குப் படப் பைத்தியம் என்று அம்மா சொல்வாள். செம்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்த பழைய முகங்கள்தான் அவருக்கு உயிர். வெள்ளைக்காரத் தளபதிகள், நவாபுகள், ராணிகள் என்று ஆற்காட்டிலும் வேலூரிலும் ஏலம் போகிற பங்களாக்களிலிருந்து கண்ணாடிச் சட்டத்தோடு தூக்கி வருவார். எல்லோரும் ஒன்றாக இருந்த எங்கள் வீட்டில் காலண்டர் மாட்டக்கூட சுவர் மிச்சமில்லை.

சித்திக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. சுவரில் படம் இருந்தால் வெள்ளிக்கிழமை துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். மீசைக்காரத் தளபதிகள் நெற்றியில் பொட்டோடு முறைப்பார்கள்.

"அவங்க இன்னா சாமியாடி?" என்று சித்தப்பா கத்துவார்.

"சுவத்துல மாட்டிட்டு வெறும் நெத்தியா உடச் சொல்றீங்களா?" என்பாள் சித்தி.

தேரடி வீதி ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. "தீபத்துக் கூட்டம் கம்மியாவட்டும், போலாம்" என்றார் சித்தப்பா. கார்த்திகை தீபம் முடிந்ததும் ஆற்காட்டில் ஓர் ஏலம் வந்துவிட்டது. அடுத்த மாதமே சித்தி காய்ச்சலில் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் வயதைக் கேட்டபோது சித்தப்பா திருதிருவென விழித்தாராம். எந்தத் தளபதி எந்த வருஷம் பிறந்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மனுஷர்.

கருமாதிப் படையலுக்கு ஒரு படம் வேண்டும். வீடு முழுக்க ஊரான் முகங்கள் இருந்தன. சித்தியின் முகம் ஒன்றுகூட இல்லை. சித்தப்பா எழுந்து ஒவ்வொரு படமாகப் போய்ப் பார்த்தார். வீடு கழுவிய பெண்கள் எல்லாக் கண்ணாடிகளையும் பொட்டு போகத் துடைத்திருந்தார்கள். வாசற்படிக்கு மேலே, சித்தி முக்காலி போட்டு ஏறிப் பொட்டு வைக்கிற ஒரு தளபதி மட்டும் தப்பியிருந்தான்.

அதை இறக்கி, பின்பலகையைப் பிரித்து, தளபதியை உருவி எறிந்தார். பொட்டு மட்டும் இருந்த வெறும் கண்ணாடியைச் சட்டத்தோடு படையல் முன்னால் சாய்த்து மாலை போட்டார். பிறகு அங்கேயே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். யாரும் தேற்றவில்லை. தேற்றுவதற்கு என்ன இருந்தது?

எனக்கு அப்போது எட்டு வயது. துக்கத்தில் படத்தை வைக்க மறந்துவிட்டார் என்றே நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் கிடந்த தளபதியை எடுத்து, சுருக்கம் நீவி, அவரிடம் கொண்டுபோனேன்.

"சித்தப்பா, இத வெச்சிடலாமா? காலியா கீது."

"காலி இல்லம்மா," என்றார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். காய்ந்த சந்தனத்தில் சித்தியின் விரல் ரேகை அப்படியே இருந்திருக்க வேண்டும். எனக்கு ஒரு பொட்டுதான் தெரிந்தது.